கல்யாணத்துக்கு முன்னாடி எஸ்டிடி (உடலுறவுல தொத்துற நோய்) டெஸ்ட்: பினாங்குல எங்க போறது, என்னன்னு சொல்லி கேக்கறது?

பட்டர்வொர்த் பொண்ணு

வணக்கம் எல்லாருக்கும். இத கேக்கறதுக்காகவே புது ஐடி தொறந்திருக்கேன், தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கண்டுக்காம போயிடுங்க ப்ளீஸ்.

எனக்கு 29, பட்டர்வொர்த்ல வீடு, வேலை பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில. தை மாசம் கல்யாணம். வீட்டுல பாத்த மாப்பிள்ளதான் ஆனா ரொம்ப நாளா பேசிகிட்டு இருக்கோம், எனக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தது அவருக்கு தெரியும், அவருக்கும் சிலபேர் இருந்திருக்காங்க அதயும் அவரே சொல்லிட்டாரு, அதுல ஒன்னும் சண்ட இல்ல. பொருத்தம் பாத்தாச்சு, மண்டபம் புக் பண்ணியாச்சு, புடவ எடுக்க சென்னைக்கு டிக்கெட்டும் போட்டாச்சு, ஆனா இந்த டெஸ்ட் விஷயம் மட்டும் எனக்கு மண்டையில ஓடிகிட்டே இருக்கு. என்கூட வேல செய்யிற மலாய்க்கார ஃப்ரெண்ட் நிக்காவுக்கு முன்னாடி எச்ஐவி டெஸ்ட் எடுத்து ஃபார்ம் காட்டுனா, அவங்களுக்கு அது ரூல், அதனால யாரும் யார்மேலயும் சந்தேகப்பட்ட மாதிரி ஆகல. நமக்கு அப்படி ஒன்னும் இல்ல, நாமளா வாய தொறந்து கேட்டாதான்.

இப்ப என் கேள்வி. போன வருஷம் கம்பெனியில ஃபுல் பாடி செக்கப் பண்ணாங்க, எல்லாம் நார்மல்னு பேப்பர் இருக்கு, அதுலயே இதெல்லாம் பாத்திருப்பாங்களா? எனக்கு அரிப்பு, வலி, வெள்ளப்படுதல்னு எதுவும் இல்ல, அப்படி ஒன்னுமே இல்லாதப்ப டெஸ்ட் எடுக்கறது ஓவரா? எங்க வீட்டு பக்கத்து கவர்மெண்ட் கிளினிக்ல ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) எங்க சித்தியோட கோயில் கூட்டாளி, நான் கவுண்டர்ல ஐசி (அடையாள கார்டு) நீட்டுறதுக்குள்ள சித்திக்கு போன் போயிடும்னு பயமா இருக்கு. ரிசல்ட் வீட்டுக்கு லெட்டரா வருமா? அவர்கிட்ட "நீங்களும் எடுங்க"ன்னு எப்படி சொல்லுறது, தப்பா எடுத்துக்குவாரோ?

மாமாக் மச்சான்

சிஸ் இதுக்கா இவ்ளோ டென்ஷன். போய் ரத்த தானம் பண்ணுங்க, எப்படியும் அவங்க எச்ஐவி எல்லாம் டெஸ்ட் பண்ணிடுவாங்க, ஏதாச்சும் இருந்தா போன் வரும், இல்லனா இல்ல. ஃப்ரீ. மைலோ பிஸ்கட் வேற குடுப்பாங்க.

லேப் அக்கா

மச்சான், இந்த ஐடியாவ தயவுசெஞ்சு வேற எங்கயும் சொல்லாத தம்பி. தொத்துன ஒடனே ரத்தத்துல தெரியாது, அந்த இடைவெளியில நீ குடுக்குற ரத்தம் டெஸ்ட்ல தப்பிச்சு தலசீமியா பிள்ளைக்கோ ஆபரேஷன் பண்ணவங்களுக்கோ போயிடலாம். அதுக்குத்தான் ரத்தம் குடுக்கும்போது உறவு பத்தியெல்லாம் ஃபார்ம்ல கேட்டு கையெழுத்து வாங்குறாங்க. சந்தேகம் இருக்குறவங்க ரத்தம் குடுக்கவே கூடாது, மைலோவுக்கு ஆசப்பட்டா கடையில வாங்கி குடி.

இப்ப தங்கச்சிக்கு. நான் லேப்லதான் வேல செய்யிறேன், தினமும் இந்த பேக்கேஜ் ஃபார்ம் எல்லாம் என் கையில வருது. ஃபுல் பாடின்னு பேர்தான் ஃபுல். சர்க்கரை, கொழுப்பு, கிட்னி, ஈரல், ரத்த அணு எண்ணிக்கை, இதுதான் முக்கால்வாசி. உங்க பேப்பர எடுத்து பாருங்க, எச்ஐவின்னு ஒரு வரி இருக்கா, விடிஆர்எல் இல்லனா ஆர்பிஆர்னு இருக்கா (அது சிஃபிலிஸ், நம்ம ஆளுங்க மேகநோய்னு சொல்லுறது), எச்பிஎஸ்ஏஜின்னு இருக்கா (அது ஹெபடைட்டிஸ் பி). இருந்தா அத பாத்திருக்காங்க, இல்லனா பாக்கல. பேப்பர்ல இல்லாத டெஸ்ட்ட யாரும் உங்களுக்காக சும்மா பண்ணி வெச்சிருக்க மாட்டாங்க.

அப்புறம் ரொம்ப பேருக்கு தெரியாதது, கிளமிடியா, கொனோரியான்னு உடலுறவுல தொத்துற ரெண்டு நோயயும் ரத்தத்துல பாக்கறதே இல்ல. எத்தன ட்யூப் எடுத்தாலும் அது அதுல வராது. அதுக்கு யூரின் வேணும், இல்லனா ஸ்வாப். பொம்பளைங்களுக்கு யூரின விட ஸ்வாப் நல்லா புடிக்கும், பஞ்சுக்குச்சி மாதிரி ஒன்னு, பல எடத்துல உங்கள விட்டே எடுக்க சொல்லுவாங்க, டோக்டர் பாக்க வேண்டியதுகூட இல்ல. யூரின்னா முதல்ல வர்ற யூரின்தான் வேணும், நடுவுல வர்றது இல்ல, அதுவும் ஒரு மணி நேரமாச்சும் போகாம இருந்து குடுக்கணும். இத சொல்லாம விட்டா ஆளுங்க பாத்ரூம் போயிட்டு வந்து ரெண்டு சொட்டு குடுப்பாங்க. வாய்வழி, பின்வழி உறவு இருந்துச்சுனா அந்தந்த எடத்துல ஸ்வாப் எடுத்தாதான் தெரியும், யூரின்ல அது தெரியாது, அதனால வெக்கப்படாம டோக்டர்கிட்ட அத சொல்லிடுங்க.

அறிகுறி இல்லன்னு சொன்னீங்க பாருங்க, கிளமிடியா வந்த பொம்பளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஒன்னுமே தெரியாது. சில பேருக்கு அப்படியே உள்ள இருந்து கர்ப்பக்குழாய்க்கு போயி கடைசியில புள்ள நிக்கலன்னு போகும்போதுதான் தெரியவரும். மருந்து என்னமோ டாக்ஸிசைக்ளின் ஒரு வாரம்தான், அவ்ளோ சின்ன விஷயம். அதனால ஓவர் எல்லாம் இல்ல.

கவுண்டர்ல "நாக் புவாட் சாரிங்கான் எஸ்டிஐ" (எஸ்டிடி டெஸ்ட் எடுக்கணும்)னு சொன்னா போதும், கத எல்லாம் கெரானிகிட்ட (கிளார்க்) சொல்ல வேணாம். உள்ள போனதும் டோக்டர்கிட்ட எச்ஐவி, சிஃபிலிஸ், ஹெப் பி, ஹெப் சி, கிளமிடியா, கொனோரியான்னு பேர சொல்லி கேளுங்க. எல்லா கிளினிக் கெசிஹாத்தான்லயும் (கவர்மெண்ட் கிளினிக்) கிளமிடியாவுக்கு பிசிஆர்ங்கற லேப் டெஸ்ட் பண்ண வசதி இருக்காது, அது மட்டும் பிரைவேட்ல பண்ண வேண்டி வரலாம், முன்னாடியே போன் போட்டு கேட்டுக்குங்க.

பட்டர்வொர்த் பொண்ணு

அக்கா இப்பதான் பேப்பர எடுத்து பாத்தேன். எச்பிஎஸ்ஏஜி இருக்கு. மத்தது ஒன்னுமே இல்ல!! ஆனா ஈரல் கொழுப்பு பத்தி ஒரு முழு பக்கம் இருக்கு.

கெடா அங்கிள்

நான் கேக்குறேன்னு தப்பா நெனைக்காத மா. நல்ல குடும்பத்து பொண்ணுக்கு எதுக்கு இந்த டெஸ்ட் எல்லாம். இப்படி போயி நிக்கிறது வெளிய தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமா பேசுவான். எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா?

ரிடையர் மிஸ்ஸி

அங்கிள், உங்க காலத்துலயும் இருந்துச்சு, நான் அந்த வார்டுலதான் வேல செஞ்சேன்.

நல்ல குடும்பம்னு சொல்றீங்களே, இந்த நாட்டுல 1998லேந்து கர்ப்பமா கவர்மெண்ட் கிளினிக்குக்கு வர்ற பொம்பளைங்களுக்கு எச்ஐவி டெஸ்ட் இருக்கு. சிஃபிலிஸ் டெஸ்ட் அதுக்கும் முன்னாடியே இருக்கு. கர்ப்பமா இருக்கும்போது குடுக்குற பிங்க் புக்க தொறந்து பாருங்க, உள்ள எழுதியிருக்கும். உங்க மருமக, உங்க அக்கா மக, கோயில்ல முன்வரிசையில ஒக்காந்து நாலு விதமா பேசுற பல பேரு, எல்லாரும் அந்த ரத்தத்த குடுத்துட்டு வந்தவங்கதான். அத அவங்க மறந்துட்டாங்க, இல்லனா அது என்ன டெஸ்ட்னு கேக்காம கைய நீட்டியிருப்பாங்க. அப்படி எல்லாரையும் பாத்ததனாலதான் தாய்கிட்டேந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிஃபிலிஸும் போறத ஒழிச்ச நாடுன்னு 2018ல உலக சுகாதார அமைப்பு மலேசியாவுக்கு சர்டிபிகேட் குடுத்துச்சு, மேற்கு பசிபிக் வட்டாரத்துலயே நம்மதான் முதல். கல்யாணம் ஆகி மாசமான பிறகு பண்ணா அது நல்ல குடும்பம், முன்னாடி பண்ணா கெட்ட குடும்பமா? என்ன கணக்கு இது.

மா, உன் பயம் எனக்கு புரியுது. சின்ன ஊருல மிஸ்ஸி வாய்க்கு பூட்டு இல்லனா கஷ்டம்தான். சொல்லக்கூடாதுங்கறது எங்க வேலையோட சட்டம், மீறுனா புகார் குடுக்கலாம், ஆனா சித்திக்கு போன் போன பிறகு புகார் குடுத்து என்ன பண்ண. அதனால அந்த கிளினிக்குக்கு போகாத. பாலம் தாண்டி தீவுக்கு போ, வேல அங்கதானே. கிளினிக் கெசிஹாத்தான்ல உன் வட்டாரம்தான் போகணும்னு இல்ல, மலேசியருக்கு பதிவு ஒரு வெள்ளி (ரிங்கிட்). எச்ஐவி டெஸ்ட்ட பேரு சொல்லாமலேயே பண்ணலாம், அனானிமஸ் ஸ்க்ரீனிங்னு கேளு, ஐசி வேணாம், ஒரு நம்பர் குடுப்பாங்க, அந்த நம்பர்தான் நீ. அதுல பாசிட்டிவ்னு வந்தா மட்டும்தான் அடுத்த டெஸ்ட்டுக்கும் மருந்துக்கும் பேர் குடுத்து பதியணும்.

வீட்டுக்கு லெட்டர் எல்லாம் வராது, நீயே போயி வாங்கணும், இல்லனா உன் போனுக்கு கூப்புடுவாங்க. போன் நம்பர் எழுதும்போது பழக்கத்துல வீட்டு நம்பர எழுதிடாத. ஒன்னு மட்டும் தெரிஞ்சு வெச்சுக்க, எச்ஐவி, சிஃபிலிஸ், கொனோரியா இதெல்லாம் பாசிட்டிவ்னா 1988ம் வருஷ தொத்துநோய் சட்டப்படி டோக்டர் மாவட்ட சுகாதார ஆபீசுக்கு தெரியப்படுத்தணும், பிரைவேட்டா இருந்தாலும்தான். பயப்படுற மாதிரி போலீஸ் கேஸ் இல்ல. அங்கேந்து ஒரு ஆள் உன்ன கூப்புட்டு மருந்து ஒழுங்கா எடுத்தியா, கூட இருந்தவங்க டெஸ்ட் பண்ணிட்டாங்களான்னு கேப்பாங்க. கிளமிடியா அந்த லிஸ்ட்ல இல்ல.

அவர்கிட்ட சொல்லறதுக்கு நான் ஒரு வழி சொல்றேன். "நீங்க எடுங்க"ன்னு ஆரம்பிக்காத, "நான் வெள்ளிக்கெழம எடுக்க போறேன், நீங்களும் வாங்க"ன்னு சொல்லு. ரெண்டு பேரும் ஒரே நாள்ல போனா யாரும் யாரையும் விசாரிச்ச மாதிரி இருக்காது.

செந்தூல் காரன்

சிஸ் நான் கேஎல். எனக்கு வந்துச்சு, அதனால கொஞ்சம் நீட்டா எழுதுறேன், இத படிச்சு யாருக்காச்சும் பயம் போனா சரி.

எனக்கு உள்ளங்கையிலயும் உள்ளங்கால்லயும் செம்பு கலர்ல புள்ளி புள்ளியா வந்துச்சு. அரிப்பு இல்ல வலி இல்ல. ஒரு கிளினிக்ல அலர்ஜின்னு க்ரீம் குடுத்தாங்க, பூசுனேன், போகல. அப்புறம் ஒரு கூட்டாளிதான் டேய் உள்ளங்கையில வர்ற ராஷ விளையாட்டா நெனைக்காதன்னு சௌகிட் பக்கம் இருக்குற பிடி ஃபவுண்டேஷனுக்கு கூட்டிட்டு போனான். அது 1987லேந்து இருக்குற எடம், அங்க எச்ஐவி சிஃபிலிஸ் எல்லாம் டெஸ்ட் பண்ணுறாங்க, போறதுக்கு முன்னாடி அப்பாய்ண்ட்மெண்ட் எடுத்துக்குங்க. ஒரு சின்ன ரூம், டேபிள்ல டிஷ்யூ பாக்ஸ், விரல்ல குத்தி ரெண்டு பிளாஸ்டிக் பட்டையில சொட்டு விட்டாரு. காத்திருக்குற நேரம் பூரா கடைசியா எப்ப, காண்டம் போட்டியா, ஊசி போதைப்பொருள் உண்டான்னு கேட்டுகிட்டே இருந்தாரு, சாப்பாட்டு ஆர்டர் எடுக்குற மாதிரி சாதாரணமா. எனக்குதான் வேர்த்து கொட்டுது. எச்ஐவி பட்டையில ஒரு கோடு, அதாவது இல்ல. சிஃபிலிஸ் பட்டையில ரெண்டு, அதாவது பாசிட்டிவ்.

பெரிய ஆஸ்பத்திரில இத தோல் டிப்பார்ட்மெண்ட்லதான் பாப்பாங்க, அதனால அங்க ஒக்காந்திருக்கறத யாராச்சும் பாத்தாலும் பொடுகுக்கு வந்தேன்னு சொல்லிடலாம். பென்சிலின் ஊசி, இருபத்தி நாலு லட்சம் யூனிட், அத ரெண்டா பிரிச்சு ரெண்டு பக்க குண்டியிலயும் போட்டாங்க. பொய் சொல்ல மாட்டேன், வலி கடுமை, மருந்து கெட்டியா மாவு மாதிரி உள்ள போகுது, மோட்டார்ல ஏறி ஒக்காந்து வீட்டுக்கு வர முடியல கிராப் புடிச்சேன். அன்னிக்கு ராத்திரி காய்ச்சல், ஒடம்பு வலி, கிருமி சாகும்போது அப்படி வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க, மறுநாள் போயிடுச்சு. எனக்கு ஆரம்ப கட்டம்னால ஒரு தடவையோட முடிஞ்சது, ரொம்ப நாள் ஆனதுன்னா வாரம் ஒன்னுனு மூணு வாரம்.

முக்கியமா சொல்ல வந்தது இதுதான். ஆர்பிஆர்னு ஒரு நம்பர் குடுப்பாங்க, எனக்கு 1:64ல ஆரம்பிச்சு அப்புறம் அப்புறம் போயி எடுத்ததுல 1:4க்கு எறங்கிடுச்சு, எறங்குனா மருந்து வேல செஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆனா டிபிஎச்ஏன்னு இன்னொன்னு இருக்கு, அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க பாசிட்டிவ்வாவே காட்டும், வடு மாதிரி. புது வேலைக்கு மெடிக்கல் செக்கப்ல அத பாத்துட்டு டோக்டர் மூஞ்சிய சுளிச்சாரு, நான் பழைய ரிசல்ட் பேப்பர எடுத்து நீட்டுனேன், சைன் போட்டுட்டாரு. அதனால பேப்பர தூக்கி போடாதீங்க யாரும்.

மாமாக் மச்சான் மாதிரி ஆளுங்களுக்கு இன்னொன்னு. கூட்டாளி குடுத்தான்னு ஆன்டிபயாடிக் நாலு மாத்திரைய முழுங்கிட்டு சரியாயிடுச்சுன்னு சுத்தாதீங்க. கொனோரியாவுக்கு இப்ப பழைய மாத்திர பலதும் எடுபடறது இல்ல, ஊசிதான் போடுறாங்க.

மாமாக் மச்சான்

ஓகே ஓகே அண்ணே, ரத்த தான ஐடியாவ வாபஸ் வாங்கிட்டேன் லா. ஒரு சீரியஸ் கேள்வி. போன சனிக்கெழம ஒரு மேட்டர், காண்டம் கிழிஞ்சிடுச்சு. நாளைக்கே போயி டெஸ்ட் எடுத்தா தெரியுமா? பார்மசியில விக்கிற எச்ஐவி செல்ஃப் டெஸ்ட் கிட் போதுமா? கூட்டாளிக்காக கேக்குறேன்.

லேப் அக்கா

கூட்டாளிகிட்ட சொல்லு, இன்னிக்கு வியாழன், அதனால 72 மணி நேரம் தாண்டிடுச்சு. அதுக்குள்ள போயிருந்தா பெப்னு 28 நாள் மாத்திர, எச்ஐவி ஒட்டாம தடுக்குறது, டோக்டர் குடுத்திருப்பாரு. அடுத்த தடவ கிழிஞ்சா அந்த ராத்திரியே எமர்ஜென்சிக்கு போகணும், இங்க வந்து கேட்டுகிட்டு இருக்கக்கூடாது.

நாளைக்கு எடுத்தா இந்த சனிக்கெழம மேட்டர் எதுவும் தெரியாது, அதுக்கு முன்னாடி உள்ளது மட்டும்தான் தெரியும். கிளமிடியா கொனோரியாவுக்கு ரெண்டு வாரம் விட்டு போ. எச்ஐவிக்கு லேப்ல எடுக்குற நாலாம் தலைமுறை டெஸ்ட்னா ஆறு வாரம், 45 நாள்னு வெச்சுக்க. சிஃபிலிஸ் மூணு மாசம் வரைக்கும் இழுக்கலாம். செல்ஃப் டெஸ்ட் கிட் நல்லதுதான், வீட்டுலயே விரல குத்தியோ ஈறுல தடவியோ பாக்கலாம், ஆனா அதுவும் மூணு மாசம் கழிச்சு எடுத்தாதான் நெகட்டிவ்னு நம்பலாம், பாசிட்டிவ்னு வந்தா கிளினிக்ல மறுபடியும் உறுதி பண்ணணும், அதுவரைக்கும் அது முடிவு இல்ல. கிட்ல எச்ஐவி மட்டும்தான், மத்தது கெடையாது. அது வரைக்கும் கூட்டாளி காண்டம் போடட்டும், நல்ல சைஸா பாத்து வாங்கட்டும், எண்ணெ கிண்ணெ தடவாம.

தஞ்சாவூர் தம்பி

அண்ணே வணக்கம், நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ரெஸ்டாரண்ட்ல வேல பாக்குறேன், ஊரு தஞ்சாவூர் பக்கம். ரூம்ல ஏழு பேரு இருக்கோம், யார்கிட்டயும் கேக்க முடியாதுங்க. எங்களுக்கு பெர்மிட்டுக்கு ஃபொமீமா டெஸ்ட் எடுக்குறாங்களே, அதுல இதெல்லாம் பாப்பாங்களா? வெளிய நானா போயி டெஸ்ட் எடுத்து எதாவது வந்துச்சுன்னா ஊருக்கு அனுப்பிடுவாங்களா? மொதலாளிக்கு தெரியுமா?

செந்தூல் காரன்

தம்பி, ஃபொமீமாவுல எச்ஐவி, ஹெப் பி, சிஃபிலிஸ் மூணும் பாக்குறாங்க, அதுல வந்தா அன்ஃபிட்னு பெர்மிட் சிக்கலாகுது, அத மறைக்க நான் விரும்பல. ஆனா நீங்களா போயி எடுக்குற டெஸ்ட் வேற, ஃபொமீமா வேற, மொதலாளிக்கு கிளினிக் சொல்லக்கூடாது. உங்களுக்கு நான் சொல்லறது, மொதல்ல பிடி ஃபவுண்டேஷன் மாதிரி எடத்துல போயி பேசுங்க, பேசறதுக்கே தனி ஆள் வெச்சிருக்காங்க, என்ன எடுக்கணும், வந்தா அடுத்து என்ன, செலவு எவ்வளவுன்னு எல்லாத்தையும் ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. கவர்மெண்ட் கிளினிக்ல வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு வெள்ளி ரேட் கெடையாது. கொனோரியா கிளமிடியா எல்லாம் ஃபொமீமாவுல இல்ல, எரிச்சல் சீழ் ஏதாச்சும் இருந்தா அதுக்கு பயந்துகிட்டு காத்திருக்காதீங்க, பிரைவேட் கிளினிக்ல போயி மருந்து எடுத்துக்குங்க.

ரிடையர் மிஸ்ஸி

தம்பி, ஒருவேள எச்ஐவின்னே வந்தாலும் இப்ப அது மாத்திர போட்டு இருக்குற வியாதி. மருந்து ஒழுங்கா எடுத்து ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு கொறஞ்சிட்டா உடலுறவுல அடுத்தவங்களுக்கு தொத்தாது. உங்க ஊருலயும் கவர்மெண்ட்ல ஏஆர்டி (எச்ஐவி மருந்து) சென்டர் வெச்சு இலவசமாதான் குடுக்குறாங்க. தெரியாம இருக்கறதுதான் ஆபத்து, சரியா. சாப்டியா?

தஞ்சாவூர் தம்பி

ரொம்ப நன்றிங்கம்மா. சாப்ட்டேன்.

பட்டர்வொர்த் பொண்ணு

அப்டேட் குடுக்க வந்தேன். மிஸ்ஸியம்மா சொன்ன மாதிரியே "நான் போறேன் நீங்களும் வாங்க"ன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் அமைதி, அப்புறம் "நானே கேக்கணும்னு இருந்தேன், நீ கோவிச்சுக்குவியோன்னு விட்டுட்டேன்"ங்கிறாரு!! இதுக்கா நான் ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தேன்.

தீவுல ஒரு பிரைவேட் கிளினிக்ல ஒரே நாள்ல எடுத்தோம். லேப் அக்கா யூரின் அடக்கணும்னு சொன்னத அவர்கிட்ட சொல்லி வெச்சேன், அவரு கிளம்பும்போதே டே தாரிக் ஒன்ன இழுத்துட்டு வந்திருக்காரு, பாலத்துல ஏதோ ஆக்சிடெண்ட், ஜாம், காடி நகரவே இல்ல, ரெண்டு காலையும் ஒட்டி வெச்சுகிட்டு முருகா முருகான்னு ஒக்காந்திருக்காரு, நான் சிரிச்சு சிரிச்சு எனக்கும் வர்ற மாதிரி ஆயிடுச்சு. கிளினிக்ல எறங்குனதும் கவுண்டர்ல வேற ஒன்னும் சொல்லல, "யூரின் போத்தல் தாங்க"ன்னுதான் முதல் வார்த்த. எனக்கு ஸ்வாப், நானே எடுத்தேன், வலி இல்ல, ஒரு நிமிஷம்கூட ஆகல.

ரிசல்ட் வந்துடுச்சு. எனக்கு எச்ஐவி, சிஃபிலிஸ், ஹெப் சி, கொனோரியா எல்லாம் இல்ல. கிளமிடியா மட்டும் பாசிட்டிவ். அவருக்கும் பாசிட்டிவ். யார்கிட்டேந்து யாருக்குன்னு கேக்காதீங்க, டோக்டரே அத சொல்ல முடியாதுன்னுட்டாரு, நாங்களும் தோண்டல. ரெண்டு பேருக்கும் டாக்ஸிசைக்ளின் ஒரு நாளைக்கு ரெண்டு வேள, ஏழு நாள். இப்ப அவருக்கு ஹெப் பி எதிர்ப்பு சக்தி இல்லன்னு பேப்பர்ல இருக்கு, எனக்கு இருக்கு. அவருக்கு தடுப்பூசி போட சொல்றாங்க, ஏன் எனக்கு மட்டும் இருக்கு, அவருக்கு இல்ல?

லேப் அக்கா

அவரு 1989க்கு முன்னாடி பொறந்தவரா இருப்பாரு. அந்த வருஷம்தான் பொறக்குற எல்லா பிள்ளைங்களுக்கும் ஹெப் பி ஊசி போட ஆரம்பிச்சாங்க.

பட்டர்வொர்த் பொண்ணு

ஆமா 1988!! டிசம்பர்!

ரிடையர் மிஸ்ஸி

அப்ப அதுதான். மூணு டோஸ் மா, இப்ப ஒன்னு, ஒரு மாசத்துல ஒன்னு, ஆறாவது மாசம் ஒன்னு. மூணாவதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சு விருந்துக்கு அலைஞ்சிகிட்டு இருப்பீங்க, மறந்துடுவாரு, உன் போன்ல தேதிய போட்டு வை. டாக்ஸிசைக்ளின வெறும் வயித்துல போடாதீங்க, கொமட்டும், ஒரு கிளாஸ் தண்ணி நெறைய குடிச்சிட்டு ஒடனே படுக்காம இருங்க, வெயில்ல ரொம்ப அலையாதீங்க. ஏழு நாள் முடியிற வரைக்கும் ரெண்டு பேரும் தள்ளி இருங்க, மூணு மாசம் கழிச்சு அந்த யூரினயும் ஸ்வாப்பயும் மறுபடி ஒரு தடவ குடுத்துடுங்க. கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு பாக்குற பாப் ஸ்மியரோ எச்பிவி டெஸ்ட்டோ எடுத்தியா நீ? 30 ஆகுதுல்ல, அதயும் அப்படியே கேட்டுடு.

பட்டர்வொர்த் பொண்ணு

இன்னும் எடுக்கல மிஸ்ஸியம்மா, அடுத்த தடவ அவருக்கு ஊசி போட கூட்டிட்டு போகும்போது கேக்குறேன். இந்த தடவ ஃபெரியில போறோம், ஜாம் இல்ல.